கலாய்க்கறதுன்னா என்ன, யாரை, எவ்ளோ தூரம்

எங்கக்கா பொண்ணு பொறந்து வளந்தது எல்லாம் புனேல, காலேஜுக்குன்னு போன வருஷம்தான் கோயமுத்தூர் வந்தா. தமிழ் நல்லாவே பேசுவா, ஆனா அது வீட்டுத் தமிழ், "பசிக்குது, தூக்கம் வருது, சார்ஜர் எங்க" அந்த அளவுக்கு. இங்க ஹாஸ்டல்ல சேந்து ஒரே மாசத்துல கத்துக்கிட்ட மொத வார்த்தை கலாய். அதுக்கப்புறம் அவளுக்கு எல்லாமே கலாய்தான், வாட்ச்மேன் கேட்டை பூட்டுனா கலாய்ச்சுட்டாரு, லெக்சரர் வெளிய போகச் சொன்னா கலாய்ச்சுட்டாரு. ஒரு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப எங்கக்கா போன் பண்ணி அரியர் விஷயமா அரை மணி நேரம் விட்டு வெளாசிருச்சு, இவ கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்து எங்கப்பாகிட்ட "அப்புச்சி, அம்மா என்கிட்ட கலாய்ச்சுட்டாங்க"ங்கறா. எங்கப்பா பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமயே, "கலாய்ச்சிருந்தா நீங்க சிரிச்சிருக்கணுமேங்க அம்மணி, இது வேற ஐட்டமாட்ட இருக்குது"ன்னாரு.

அழுதுட்டிருந்தவ சிரிச்சுட்டா. அதுதான் கலாய், டெமோவே குடுத்துட்டாரு மனுசன்.

அப்புறம் "அப்ப கரெக்டா எப்படி யூஸ் பண்றது மாமா"ன்னு அவ கேட்டா, நானும் சொல்ல ஆரம்பிச்சேன், சொல்லச் சொல்லத்தான் இதுக்குள்ள எவ்ளோ சட்டம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. பொறந்ததுல இருந்து இங்கயே இருக்கறவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, அடி வாங்கித்தான் கத்துக்கறோம். வெளியூர்ல வளந்த புள்ளைங்க இருக்கற வீடு நெறைய இருக்குமே, அவங்களுக்கும் ஆகட்டும்னுதான் எழுதறேன்.

மொதல்ல இலக்கணம், சீக்கிரமா முடிச்சுடலாம். கலாய்ங்கறது வினைச்சொல், கலாய்க்கறான், கலாய்ச்சான், கலாய்ப்பான், கலாய்க்காத. யாரைங்கற எடத்துல "ஐ" வரணும், என்னைய கலாய்ச்சான், அவள கலாய்க்காத. "என்கிட்ட கலாய்ச்சான்"னு சொல்லக்கூடாது, அது இந்தி வாடை, அவங்க மசாக் பண்றத ஒருத்தர்கிட்ட பண்ணுவாங்க, நாம ஒருத்தரையே புடிச்சு கலாய்ப்போம். பெயர்ச்சொல்லாவும் வரும், "செம கலாய்", "அங்க ஒரே கலாய்". அளவு காட்டணும்னா பின்னாடி ஒரு வால் ஒட்டணும்: கலாய்ச்சு விட்டான்னா ஒருதடவ, கலாய்ச்சு தள்ளிட்டான்னா நெறைய, கலாய்ச்சு எடுத்துட்டாங்கன்னா கூட்டமா சேந்து, பங்கமா கலாய்ச்சுட்டான்னா அன்னிக்கு வாங்குனவன் வீட்டுக்குப் போயி தூங்கியே இருக்க மாட்டான். வாங்குனவன் பக்கத்துல இருந்து சொல்லணும்னா "பல்பு வாங்கிட்டேன்". பழைய தமிழ்லயும் கலாய்த்தல்னு ஒண்ணு இருக்கு, சண்டை போடறதுன்னு அர்த்தம், கலாம்னாலே சண்டைதான். இன்னிக்கு கலாய்க்கும் அந்த சண்டைக்கும் நடுவுல ஒரு மெல்லிசான சொவருதான், அது எப்ப இடியும்னு பின்னாடி சொல்றேன்.

ஒண்ணு கவனிங்க, கலாய்க்கறவன் அந்த நேரத்துல அந்த வார்த்தையச் சொல்லவே மாட்டான். "நான் இப்ப உன்ன கலாய்க்கப் போறேன்"னு சொல்லிட்டு ஆரம்பிக்கறது, பஸ்ல ஏறி "நான் இப்ப பிக்பாக்கெட் அடிக்கப் போறேன்"னு சொல்ற மாதிரி. பேர் வைக்கறது எப்பவும் வாங்குனவனோ, சுத்தி நின்னு பாத்தவனோதான். "டேய், அவன் உன்ன கலாய்க்கறான்டா, அது கூட தெரியலயா"ன்னு மூணாவது ஆள் சொல்றப்பதான் பாதி பேருக்கு விஷயமே வெளங்கும். எங்க அக்கா பொண்ணு எங்க பெரியப்பாகிட்ட போயி "பெரியப்புச்சி, உங்கள கலாய்க்கலாமா?"ன்னு பர்மிஷன் கேட்டா, அவரு பாவம் அது ஏதோ ஊசி போடற விஷயம்னு நெனச்சு "வலிக்குமாங்க அம்மணி"ன்னு கேட்டாரு.

கேள்வியா கேக்கறப்ப மட்டும் இந்த வார்த்தை வேற வேலை செய்யும், இத மட்டும் மொதல்ல கத்துக்கங்க, எல்லா எடத்துலயும் சோறு போடும். "என்ன, கலாய்க்கறீங்களா?" இத வயசு வித்தியாசம் இல்லாம யாரையும் கேக்கலாம். காந்திபுரத்துல இருந்து சிங்காநல்லூருக்கு ஆட்டோக்காரர் 450 ரூபா கேக்கறாருன்னு வைங்க, "ஏமாத்தறீங்களா"ன்னா சண்டை, "அண்ணே கலாய்க்கறீங்களா"ன்னா அவரும் சிரிச்சுட்டு கொஞ்சம் எறங்கி வருவாரு. நீங்க திருடர்னு நான் சொல்லல, நீங்க வெளையாட்டுக்குச் சொன்னதா நான் எடுத்துக்கறேன், இப்ப நெசமான ரேட்டைச் சொல்லுங்கன்னு அவருக்கு ஒரு வழி விட்டுக் குடுக்கறோம். பாஸ் வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு திங்கக்கெழமைக்குள்ள முடிச்சுடுன்னு சொன்னா மட்டும் கேக்காதீங்க, அவரு நெசமாத்தான் சொல்லிருப்பாரு.

இந்த வார்த்தைக்குப் பங்காளிங்க நெறைய. கேலி, கிண்டல் ரெண்டும் எல்லா ஊருக்கும் பொது, பேப்பர்லயும் எழுதலாம். ஓட்டறது, வாரறதெல்லாம் கிட்டத்தட்ட கலாய்தான். கடிங்கறது ஆளைப் பத்தினது இல்ல, ஜோக் மோசமா இருந்தா கடி. நையாண்டி கொஞ்சம் மேடை ஏறுன வார்த்தை, கரகாட்டத்துக்கு வாசிக்கற மேளத்துக்கே நையாண்டி மேளம்னுதான் பேரு. மதுரைப் பக்கம் லந்து. எங்க ஊர்ப்பக்கம் லொள்ளு, அப்புறம் குசும்பு. குசும்பு பத்தி ஒரு வார்த்தை சொல்லலன்னா எங்கூர்ல என்னைய சேத்துக்க மாட்டாங்க. கலாய்னா நாலு பேரு முன்னாடி, சத்தமா, வாங்குனவனுக்கு உடனே தெரியும். குசும்பு அப்படி இல்ல, "ங்க" போட்டு, மரியாதை ஒரு துளி கொறையாம, மூஞ்சில ஒண்ணும் காட்டாம சொல்லிட்டுப் போயிருவாங்க, வாங்குனவன் வீட்டுக்குப் போயி சட்டையக் கழட்டறப்பதான் "அட, இது நம்மளச் சொன்னதாட்ட இருக்குதே"ன்னு ஒரைக்கும். எங்கூரு மளிகைக்கடைக்காரரு பழைய பாக்கி இருக்கறவங்களப் பாத்தா "வாங்க வாங்க, உங்க ஞாபகமாவே இருக்கறனுங்க"ம்பாரு, அவ்ளோதான், வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு. இலங்கைல பகிடி. "பகிடி விடாதேங்கோ"ன்னா "கலாய்க்காதீங்க"ன்னு அர்த்தம், அதே வார்த்தைல இருந்து வந்ததுதான் பகிடிவதை, அங்க ராக்கிங்குக்கு அதுதான் பேரு.

நக்கல் தனியா நிக்கற ஆள். கலாய்க்கறவன் உங்க தோள்ல கை போட்டுக்கிட்டு சொல்றான், நக்கல் அடிக்கறவன் ரெண்டு படி மேல நின்னுக்கிட்டு சொல்றான். அதுக்கும் அந்தப் பக்கம் குத்தல், குத்திக்காட்டறது, ஜாடை பேசறது, அதுல சிரிப்பே கெடையாது. கஷ்டம் என்னன்னா வாக்கியம் ஒண்ணாவே இருக்கும். "சாம்பாருக்கு உப்பு இன்னிக்கு வருமா, நாளைக்கு வருமா?" இத தம்பி அக்காகிட்ட சொன்னா கலாய். புருஷன் வாரத்துல அஞ்சு நாள் சொன்னா நக்கல். மாமியார் வேற யாரையோ பாத்துக்கிட்டு சொன்னா குத்தல். அதனால டிக்ஷனரில பாத்து இத கத்துக்க முடியாது, யாரு யாருக்கு என்ன மொறைன்னு பாத்துதான் கத்துக்கணும்.

மொறைன்னு சொன்னேன்ல, அதுதான் பாதி பாடம். மாமன் மச்சான்னா ஃபுல் லைசென்ஸ், கலாய்க்காட்டித்தான் "என்ன கோவமா"ன்னு கேப்பாங்க. அக்கா புருஷன், அண்ணன் பொண்டாட்டி, அத்தை புள்ளைங்க, எல்லாம் ஓகே. தாத்தா பாட்டிகிட்ட ரொம்பவே ஓகே, பல்லு செட்டைப் பத்திக்கூட பேசலாம், அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. நடுவுல இருக்கற அப்பா, பெரியப்பாதான் ரெட் சிக்னல், சித்தப்பா மஞ்சள், அவரு மூடப் பொறுத்து. கல்யாணத்துல நலங்கு வைக்கறப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தர் தலைல ஒருத்தர் அப்பளம் நொறுக்கறதும், பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டைப் பாட்டாவே பாடி ஓட்டறதும் இதே கணக்குதான், இதுவரைக்கும் யாரோவா இருந்தவங்க இனிமே மொறைக்காரங்க ஆயிட்டாங்க, இனிமே பேசலாம்னு சபையில கையெழுத்துப் போட்ட மாதிரி. எங்கக்கா பொண்ணுக்கு நான் தாய்மாமன், அவள நான் எவ்ளோ வேணா கலாய்க்கலாம், அவளும் என்னைய. அவங்கப்பாவ அவ கலாய்ச்சா எங்கக்கா பாத்திரத்தை எறியும்.

ஃப்ரெண்ட்ஸ் நடுவுல மொறை கெடையாது, அங்க கணக்கு. நான் இத மொய் மாதிரின்னு சொல்லுவேன். நீங்க 500 வச்சா அவங்க வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் பாத்து 500க்குக் கொறையாம திரும்ப வைப்பாங்க, வைக்கணும். கலாயும் அப்படித்தான், இன்னிக்கு நீங்க அவன வச்சு செஞ்சீங்கன்னா அவனுக்கு ஒரு நாள் வரும், அன்னிக்கு நீங்க ஒக்காந்து சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கணும். மொய் மட்டும் வாங்கிக்கிட்டு திரும்ப வைக்காதவன ஊர்ல என்ன பேசுவாங்க? அதேதான் அடுத்தவன மட்டும் கலாய்ச்சுட்டு தனக்கு ஒண்ணுன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறவனுக்கும். இதுல இருந்தே இன்னொரு விஷயம் வெளங்கும், திரும்ப வைக்க முடியாத எடத்துல மொய் வைக்கக்கூடாது. உங்ககிட்ட சம்பளம் வாங்கறவங்க, டீக்கடைல கிளாஸ் கழுவற பையன், நேத்து சேந்த ட்ரெய்னி, இவங்க யாரும் உங்களுக்கு பதில் சொல்ல முடியாது, அப்ப நீங்க பேசறதுக்கு கலாய்னு பேரே வராது. காலேஜ் சீனியருங்க "சும்மா கலாய்ச்சோம் சார்"னு சொல்லிச் சொல்லித்தான் 1997ல தமிழ்நாட்டுல ராக்கிங்குக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு, 2 வருஷம் வரைக்கும் ஜெயில். இலங்கைலயும் அடுத்த வருஷமே, 1998ல, பகிடிவதைக்குச் சட்டம் போட்டாங்க.

சரி, செய்முறை. தமிழ்ல கலாய்க்கறதுக்கு நமக்கு இருக்கற மாதிரி வசதி நெறைய பாஷைக்கு இல்லன்னு நெனைக்கறேன், ஏன்னா நம்மகிட்ட மரியாதைன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. பத்து வருஷமா "டா" போட்டுப் பேசுன ஒருத்தன திடீர்னு "வாங்க சார், ஒக்காருங்க, என்ன சாப்படறீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அவன் பதறுவான். "என்னடா பண்ணேன் நான்?" வேற ஒண்ணுமே சொல்ல வேண்டாம், அந்த "சார்"லயே எல்லாம் இருக்கு. லேட்டா வந்தவன "ஏன்டா லேட்டு"ன்னா அது திட்டு. "தலைவர் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்கப்பா"ன்னா கலாய். மேல தூக்கி வைக்கணும், எவ்ளோ மேல தூக்கறீங்களோ அவ்ளோ நல்லா விழுவான்.

இது இன்னிக்கு நேத்து டெக்னிக் இல்ல. அதியமானுக்காக தொண்டைமான்கிட்ட தூது போன ஔவையார்கிட்ட அந்த ராஜா தன்னோட ஆயுதக் கொட்டடியப் பெருமையா காட்டுனாரு. புறநானூறு 95ஆம் பாட்டு. அதுல அந்தம்மா சொல்றது என்னன்னா, ஆஹா உங்க ஆயுதமெல்லாம் மயில்தோகை கட்டி, மாலை போட்டு, நெய் தடவி, காவல் போட்ட பெரிய மாளிகைல பத்திரமா இருக்கு, எங்காளோடது எல்லாம் எதிரிங்கள குத்திக் குத்தி முனை ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குது. ஒரு வார்த்தை மரியாதை கொறையல, ஒரு வார்த்தை பொய் இல்ல, ஆனா நீ ஒரு சண்டையும் போட்டதில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியாச்சு. எங்கூர்ல பொறந்திருக்க வேண்டிய ஆளு.

ரெண்டாவது வழி, அப்பாவியா கேள்வி கேக்கறது. 1989ல வந்த கரகாட்டக்காரன் வாழைப்பழ காமெடிய எடுத்துக்கங்க, கத்தறது அடிக்கறது எல்லாம் கவுண்டமணிதான், ஆனா கலாய்ச்சது யாரு? செந்தில். கோவப்பட்டவன் கலாய் வாங்குனவன், அமைதியா ஒரே பதிலத் திரும்பத் திரும்பச் சொன்னவன்தான் கலாய்ச்சவன், இந்த ஒரு ரூல வச்சு எந்த வாய்த்தகராறுலயும் யாரு ஜெயிச்சாங்கன்னு கண்டுபுடிச்சுடலாம். மூணாவது, ஒத்துக்கிட்டு நீட்டி விடறது. "நான் நாளைல இருந்து காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடப்போறேன்"னு ஒருத்தன் சொன்னா, "நீயா?"ன்னு கேக்கறது சப்பை. "சூப்பர் மச்சான், திரும்பி வர்றப்ப பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துரு, இல்ல இல்ல, தயிரே வாங்கிரு, நீ வர்றதுக்குள்ள பாலு எப்படியும் ஒறஞ்சுரும்"னா அது கலாய்.

எதப் பத்திங்கறதுல எனக்கு ஒரு அளவுகோல் இருக்கு. அவன் அவனா பண்ண காரியத்தக் கலாய்க்கலாம், லேட்டா வந்தது, வாங்குன ஓட்டை வண்டி, போட்ட பச்சை சட்டை, பாடுன பாட்டு. அவனுக்கு அமைஞ்சத கலாய்க்கக் கூடாது, நெறம், ஒடம்பு, சாதி, வீட்டு கஷ்டம், கொழந்தை இல்லாதது, கல்யாணம் தள்ளிப் போறது. நம்ம சினிமா காமெடில பாதி இந்த ரெண்டாவது லிஸ்ட்லதான் ஓடுச்சு, கருப்பு, குண்டு, வழுக்கைன்னே சிரிச்சு வளந்துட்டோம், அதனால இது தப்புன்னு ஒறைக்கவே எனக்கு முப்பது வயசாச்சு.

ஆனா அளவுகோலும் சில நேரம் கைவிடும். என் கூட வேலை செஞ்ச ஒருத்தன் ஒரு பழைய வண்டி வச்சிருந்தான், அத வச்சு அவன நான் ரெண்டு வருஷமா கலாய்ச்சுட்டே இருந்தேன், "நீ அதுல வர்றயா, அது உன்கூட வருதா"ன்னு, அவனும் விழுந்து விழுந்து சிரிப்பான், என் சமையலப் பத்தி ஒண்ணு திருப்பிக் குடுப்பான். ஒரு நாள் கேன்டீன்ல வழக்கம் போல "வண்டிய எப்ப மியூசியத்துக்குக் குடுக்கறதா உத்தேசம்"னு கேட்டேன். "வித்துட்டேன்டா"ன்னான். அவங்கப்பா ஆஸ்பத்திரில இருந்த விஷயம் எனக்கு அப்பத் தெரியாது. ரெண்டு வருஷம் சரியா இருந்த அதே ஜோக்கு. நான் ஒடனே "டேய் சும்மா கலாய்ச்சேன்டா"ன்னேன், அதுதான் அன்னிக்கு நான் பண்ண ரெண்டாவது தப்பு. "சும்மா கலாய்ச்சேன்"னா, நான் பண்ணது வெளையாட்டு, உனக்குத்தான் வெளையாடத் தெரியலன்னு அர்த்தம். சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, கூட எந்திரிச்சுப் போயி டீ வாங்கிக் குடுத்திருக்கணும்.

அதனால வாங்கறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருங்க. திருப்பிக் குடுத்தான்னா ஆட்டம் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். சிரிச்சுட்டு சும்மா இருந்தா இன்னொண்ணு மட்டும். போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டாலோ, "சரி விடு"ன்னு ரெண்டாவது தடவ சொல்லிட்டாலோ நிப்பாட்டிரணும், அப்புறமும் போனா நான் மேல சொன்ன சொவரு இடிஞ்சு பழைய அகராதி அர்த்தத்துக்கே போயிரும்.

நீங்க வாங்கற பக்கம் இருந்தா வெளக்கம் மட்டும் குடுக்காதீங்க. "இல்லடா, ஆக்சுவலா என்ன நடந்துச்சுன்னா"ன்னு ஆரம்பிச்ச ஒருத்தன் கூட தப்பிச்சு நான் பாத்ததில்ல. மொதல்ல சிரிச்சுருங்க, அப்புறம் "ஆமா, நானே சொல்லலாம்னு இருந்தேன்"னு ஒத்துக்கிட்டீங்கன்னா அவன் கைல இருக்கறது புஸ்வாணமாயிரும். ஒடனே பதில் தோணலயா, விடுங்க, நோட்ல எழுதி வச்சுக்கங்க, அடுத்த விசேஷம் வராமயா போயிரும். நெசமாவே வலிச்சா சிரிக்காதீங்க, "இது வேண்டாம்டா"ன்னு மெதுவா சொல்லிருங்க, நல்ல கலாய்காரனுக்கு அது போதும்.

வாட்ஸப்ல தனி எச்சரிக்கை. நேர்ல நம்ம கொரலு, கண்ணு, தோள்ல போட்ட கை எல்லாம் சேந்துதான் கலாய், டைப் பண்றப்ப வெறும் வார்த்தை மட்டும்தான் போகுது, படிக்கறவங்க அன்னிக்கு என்ன மூட்ல இருக்காங்களோ அந்தக் கொரல்ல படிப்பாங்க. ஃபேமிலி குரூப்ல ஒரு அத்தை போட்ட கோலத்துக்கு நான் "சூப்பர் அத்தை, ரோட்ல வண்டி எல்லாம் சுத்திப் போகுதாமே"ன்னு போட்டு, அவங்க மூணு பொங்கலுக்கு எனக்கு கரும்பு குடுக்கல.

இத எழுதி முடிச்சுட்டு எங்கக்கா பொண்ணுக்குத்தான் மொதல்ல அனுப்புனேன், அவளுக்குத் தமிழ் படிக்க வரும், கொஞ்சம் மெதுவா. ஒரு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: "ரொம்ப அருமையா எழுதிருக்கீங்க மாமா, ஒரே ஒரு டவுட்டு மட்டும்ங்க. ரெண்டு மார்க் கேள்விக்கு இவ்ளோ பெரிய பதில் எழுதலாம்னு தெரிஞ்சிருந்தா எனக்கு அரியரே விழுந்திருக்காதுங்களே?"